மமாவை உள்ளே விடுங்கள்

உட்காருங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போவது இது எத்தனையாவது தடவையோ தெரியவில்லை. நான் நடந்தால் சத்தம் வருகிறது. வலது காலில் தொடை வரைக்கும் இரும்புக் கம்பி, அடியில் கனமான பூட்ஸ். மற்றவர்களைப் போல ஓசைப்படாமல் கவலைப்பட என்னால் முடியாது. நான் கவலைப்பட்டால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்.

உள்ளே என் அக்கா மீனாட்சி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போய் நேரமாகிறது. அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். திருச்சிக்குப் போன வண்டியோடு போயிருக்கிறார், சேதி சொல்லியனுப்பியாகிவிட்டது. அப்பா இப்போது உயிரோடு இல்லை. ஆக, தி.நகரில் உள்ள இந்தப் பிரசவ ஆஸ்பத்திரியின் வராந்தாவில் அவளுக்கென்று நிற்பது நான் ஒருவன்தான். நிற்கவும் விட மாட்டேன் என்கிறார்கள். பிரசவ வார்டின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன், ஆம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். நான் கேட்கவே இல்லை, முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

கால் சும்மா இருக்க வேண்டுமென்றால் கைக்கு வேலை கொடுக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி எனக்குப் புதிதல்ல. பத்து வயதில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு தரும ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறேன். அங்கேயும் இப்படி ஒரு வாட்ச்மேன் இருந்தார். அப்போது உள்ளே கிடந்தவன் நான், வெளியே நின்றவள் அவள்.

அக்கா என்று எழுதுகிறேனே தவிர, அவளை நான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது மதராசுக்கு வந்த பிறகுதான். எங்கள் அம்மா பர்மியப் பெண். அப்பா தமிழர், பர்மாவில் பெகு பக்கத்தில் அரிசி ஆலையில் வேலை. வீட்டில் பேசியது பர்மிய மொழி. அதில் அக்காவுக்கு மமா என்று பெயர். எனக்கு நடக்க வரும் முன்பே காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப்போனது. சில வருஷங்கள் கழித்து அம்மாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு இந்தியர்கள் எல்லாரும் கிளம்ப வேண்டி வந்தது. அப்பா சேர்த்து வைத்திருந்த பெரிய நோட்டுகளை ஒரே நாளில் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. அந்த நோட்டுகளைத் தூக்கிப் போட மனம் வராமல் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து, அதையும் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்.

சைதாப்பேட்டை ஆற்றோரம் தகரக் கொட்டகைகள் போட்டு எங்களைக் குடிவைத்தார்கள். ஒரு கொட்டகைக்குள் பல குடும்பங்கள். நடுவில் தொங்கும் பழைய சேலைதான் சுவர். நான் வலது கையால் வலது தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன், கையை எடுத்தால் முழங்கால் மடங்கி விழுந்துவிடுவேன். அதனால் நடக்கும்போது எனக்கு இருப்பது ஒரு கைதான். முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது மமா தன் தட்டையும் என் தட்டையும் சேர்த்து ஏந்திக்கொண்டு வருவாள். சூடு தாங்காமல் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்கு அவமானமாக இருக்கும். அவளுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இருந்ததில்லை. "வேகமா வாடா, ஆறிடும்" என்பாள்.

அவளை நல்லவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பொய் சொல்வாள், கிள்ளுவாள், ஆறு மாதம் முந்தின சண்டையை நினைவில் வைத்துக்கொண்டு அடிப்பாள். மெக்கானிக் ஷெட்களில் நச்சரித்துப் பழைய பேரிங்குகளை வாங்கி, ஒரு பலகையில் மாட்டி, அதில் என்னை உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். மேட்டில் இழுத்ததற்குக் கூலியாக, இறக்கத்தில் அவளும் பின்னால் ஏறிக்கொள்வாள். இரண்டு பேரும் அலறிக்கொண்டே ஆறு வரைக்கும் உருளுவோம். என்னைப் போல நடந்து காட்டிய ஒரு பையனின் சட்டையைக் கிழித்தாள். ஆனால் அவளே என்னைப் போல நடந்து காட்டுவாள். அதற்கு நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

வந்த புதிதில் கொட்டகையில் நின்று "மமா!" என்று நான் கத்தியதும் அக்கம்பக்கத்துப் பையன்கள் சுற்றிக்கொண்டார்கள். "இன்னாடா, பொண்ணப் போயி மாமான்ற?" இந்த ஊரில் தாய்மாமனும் மாமா, தெருவில் போகிற போலீஸ்காரரும் மாமா. அன்றைக்கு அப்பா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "இனிமே இந்த வாயில பர்மா பாஷ வரக் கூடாது. அக்கான்னு கூப்பிடு. அபேன்னு கூப்பிடாத, அப்பான்னு கூப்பிடு." அந்த மொழிதான் நம்மை அகதி என்று காட்டிக்கொடுக்கிறது என்று அவர் நம்பினார். பகலில் அவள் எனக்கு அக்கா ஆனாள். போர்வைக்குள் மட்டும் மமாவாகவே இருந்தாள்.

முகாமுக்குக் காலரா ஊசி போட வந்த ஒரு டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டு மயிலாப்பூருக்கு அழைத்துப் போகச் சொன்னார். அப்பாவுக்குத் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற வேலை. முதலாளியிடம் கெஞ்சி ஒருநாள் லீவு வாங்கினார். காலையில் போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். பெஞ்சு முழுக்கக் கால் சரியில்லாத பிள்ளைகள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. என்னைப் போல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் மற்றவன் காலைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, என்னுடையது பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

டாக்டர் மயிலாப்பூர்க்காரர். என் முழங்காலை மடக்கி, நீட்டப் பார்த்து, முடியாமல் விட்டார். "இது இளம்பிள்ளை வாதம். கிருமி நரம்புல பூந்துடறது. மூளை சொல்ற சேதி தசைக்குப் போறதில்லை, தசை சூம்பிடறது. அதை நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா இங்க பாருங்கோ, முழங்காலுக்குப் பின்னாடியும் குதிகாலுக்கு மேலயும் தசைநார் சுருங்கிக்கெடக்கு. அதைக் கீறி நீட்டி விட்டா கால் நிமிர்ந்துடும். நிமிர்ந்தாத்தான் கம்பி மாட்டலாம். கம்பி மாட்டினா கையை எடுத்துட்டு நடக்கலாம்" என்றார்.

கையை எடுத்துட்டு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அது மட்டும்தான் கேட்டது. என் தட்டை நானே தூக்கிக்கொண்டு வருவேன்.

மமாவுக்குப் பிடிக்கவில்லை. "கத்தி வெச்சு, இருக்கிற காலும் போயிட்டா?" என்று அப்பாவிடம் சண்டை போட்டாள். அவருக்கும் அதே பயம்தான். டாக்டரிடம் அதைத்தான் கேட்டிருந்தார், "எதுலயும் கொஞ்சம் ஆபத்து உண்டு" என்று டாக்டரும் மழுப்பாமல் சொல்லியிருந்தார்.

ஆபரேஷன் அன்று முகத்தில் ஒரு மூடியை வைத்து, எண்ணுடா என்றார்கள். மூடியிலிருந்து ஈதர் வாடை தலைக்குள் ஏறியது. நான் "டிட், ஹ்னிட், தோன்" என்று எண்ணினேன். "என்ன சொல்றான் இவன்?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. பயத்தில் பர்மிய எண்கள்தான் வாயில் வந்தன. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

விழித்தபோது தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ஈர மாவு காயும்போது சூடாக இருக்கும், குளிர்ந்தால் கல்லாகிவிடும். விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நர்ஸ் வந்து கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் உடனே சிவந்தால் பாதத்துக்கு ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தமாம். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டு வந்த மமா, இது என்ன, இது எதுக்கு, ஏன் அமுக்குறீங்க என்று நர்ஸைத் துளைத்தெடுத்தாள். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடக் கூடாது, நாளையிலிருந்து கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று அப்பாவுக்குத் திட்டு விழுந்தது.

பக்கத்துக் கட்டிலில் தேசப்பன். ஊரூர் குப்பத்து மீனவர். கட்டுமரம் புரண்டு தொடை எலும்பு முறிந்து, காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கால் ஓடாததற்கெல்லாம் சேர்த்து அவர் வாய் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா நைனா, எந்திரிச்சியா? நாம ரெண்டு பேரும் ரேஸ் உடலாமா?" என்றார். எனக்கு வாந்தி வந்தது.

இரவைப் பற்றி எழுதுவதற்கில்லை. வலித்தது, அவ்வளவுதான். ஆனால் காலையில் அது வேறாக மாறியிருந்தது. யாரோ இரண்டு கையாலும் என் காலைச் சுற்றிப் பிடித்து நெரித்துக்கொண்டே இருக்கிறார்கள், விடவே மாட்டேன் என்கிறார்கள். பாதம் வெடித்துவிடும் போல இருந்தது. நர்ஸிடம் "வலிக்குது" என்றேன். "ஆபரேஷன் பண்ணா வலிக்காதா கண்ணு?" என்று ஊசி போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வார்டில் வலிக்குது என்று சொல்லாதவன் யாருமில்லை. வார்டு ஆயா வேறு, "சூம்புன காலுக்கு வலி ஏது? பயந்துகினு கத்துது" என்றாள். இதை இன்று வரைக்கும் பலர் நம்புகிறார்கள். இந்த வாதத்தில் செத்துப்போவது தசைதான், உணர்ச்சி சாவதில்லை. ஒரு எறும்பு ஏறினால்கூட என் சூம்பின காலுக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியது வேறு வார்த்தை. இறுக்குது, நெருக்குது, பிடிக்குது என்று இன்றைக்கு என்னிடம் எத்தனையோ இருக்கின்றன. அன்றைக்கு அதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பள்ளிக்கூடத்திலும் அதைச் சொல்லித்தரவில்லை, தெருவிலும் எனக்குத் தேவைப்படவில்லை. பர்மிய மொழியில் அதற்குச் சாட் என்று பெயர். கடைசி எழுத்தை முழுதாகச் சொல்லாமல் தொண்டையிலேயே நிறுத்திவிட வேண்டும்.

கடைக்குப் போகும் வழியில் அப்பா ஒரு பன்னை வாங்கிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும் தடையெல்லாம் மறந்துபோய், "அபே, சாட்... சாட்" என்றேன்.

அப்பாவுக்குப் பர்மிய மொழி தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் பர்மாவில் பணத்துக்கும் சாட் என்றுதான் பெயர். நம் ரூபாய் மாதிரி. தலையணைக்குள் பணத்தைத் தைத்து வைத்துக்கொண்டு வந்த மனுஷனுக்கு அந்த ஓசை வேறு எப்படிக் கேட்கும்? அவர் முகம் கோணிக்கொண்டு போனது. என் நெற்றியைத் தடவி, "போன பணம் போவட்டும்டா ராஜா. நீ எதுக்கு அத நெனச்சுக்கிட்டுக் கெடக்குற? அப்பா சம்பாதிக்கிறேன்ல?" என்றார். நான் மறுபடியும் சாட் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பன்னைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, கடை திறக்கும் நேரமாயிற்று என்று போய்விட்டார்.

அவர் போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கே புரியவில்லை. இனிமேல் ஒருத்திக்குத்தான் புரியும். "அக்கா! அக்கா!" என்று கத்தினேன். ஆயா பெட்பேனோடு ஓடிவந்தாள். "இன்னா கண்ணு, ஒண்ணுக்கா ரெண்டுக்கா?" அந்த வார்டில் அக்கா என்றால் ஆயாதான். இல்லையென்று தலையாட்டி அனுப்பினேன். மறுபடி கத்தினேன். மறுபடி பெட்பேன் வந்தது. சிஸ்டர் என்றால் அக்கா என்று எங்கள் வாத்தியார் சொல்லித்தந்தது ஞாபகம் வந்து, "சிஸ்டர்!" என்று கத்திப் பார்த்தேன். நர்ஸ் வந்து இன்னொரு மாத்திரை கொடுத்தார்.

அப்புறம்தான் அப்பா என்ன சொன்னால் என்ன என்று, "மமா! மமா!" என்று அலறினேன். அந்தப் பெயருக்கு இந்த ஊரில் ஒரே ஒருத்திதான் உண்டு.

"யோவ், புள்ள மாமாவத் தேடுதுபா! எவனாச்சும் போய்ச் சொல்லுங்களேன்!" என்று தேசப்பன் தொங்கிய காலோடு சத்தம் போட்டார். வார்டே பேசிக்கொண்டது. பர்மாப் பையன் மாமாவைக் கேட்கிறான். பாவம், தாயில்லாப் பிள்ளை, மாமாதான் வளர்த்திருப்பார் போல. தலைமை நர்ஸ் இளகிய மனசுக்காரர். அவர் வாசலுக்குச் சொல்லியனுப்பினார்: அந்தப் பையனுடைய மாமா எந்த நேரத்தில் வந்தாலும் தடுக்காமல் உள்ளே விடு. நான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். கொஞ்ச நேரத்தில் விரல்களில் வலி குறைந்தது, மரத்துப்போனது. அது நல்லதுக்கு என்று நினைத்துவிட்டேன்.

வாசலில் நடந்ததை மமா பின்னால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வாட்ச்மேனின் மீசை கொஞ்சம் பெரிதாகும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, அவள் பஸ் பிடித்து வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறாள். அவர் விரட்டுவார், அவள் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வந்து நிற்பாள். அப்போதுதான் உள்ளேயிருந்து சேதி வந்து, வாட்ச்மேன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பர்மாப் பையனோட மாமா யாருபா?"

"நான்தான்" என்றாள்.

"இன்னா, நக்கலா?"

"இல்லண்ணே. எங்க பாஷையில அக்காவ மமான்னுதான் சொல்வோம். அவன் என்னத்தான் கூப்புடுறான்."

"இந்தக் கதையெல்லாம் வேற ஆள்கிட்ட வச்சுக்க. பாவாட கட்டிக்கினு மாமாவாம். போ, போய் உங்க மாமாவ இட்டுக்கினு வா."

"எங்களுக்கு மாமாவே கெடையாது."

"அப்ப அவன் யாரைக் கூப்புடுறான்?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அழுதுகொண்டு நிற்கிற ஆள் அவள் இல்லை. குழம்புச் சட்டியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஒருவர் கேட்டை நோக்கி வந்தார். முந்தின நாள் தேசப்பனின் கட்டிலருகே அவரை அவள் பார்த்திருந்தாள், தேசப்பனின் மச்சான். நேரே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கொஞ்ச நேரம் எங்களுக்கு மாமாவா இருங்க."

அவர் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இன்னாமா இது? எனக்கு மூணு அக்கா. இருக்கிற மாமா வேலையே தாங்கல."

"என் தம்பி உள்ள கத்துறான். நான் போகலேன்னா அவனுக்கு என்னமோ ஆயிடும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் நேரே வாட்ச்மேனிடம் போய், "நான்தான்பா மாமா" என்றார்.

"நீ தேசப்பன் மச்சான் ஆச்சே?"

"அந்த பெட்டுக்கு மச்சான், இந்த பெட்டுக்கு மாமா. ஒரு ஆளு ரெண்டும் இருக்கக் கூடாதா?"

"பொண்ணு?"

"புள்ள பேசுற பாஷ எனக்கு வராது. இவதான் சொல்லணும். உடுபா, கொழம்பு ஆறுது."

நான் கண்ணைத் திறந்தபோது மீன்குழம்பு வாசத்தோடு யாரோ ஒரு ஆள் என் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மமா வந்தாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி பர்மிய மொழியில், என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"சாட்" என்றேன்.

"எங்க?"

"கால்ல."

அவ்வளவுதான். போர்வையைத் தூக்கி எறிந்தாள். விரல்கள் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தன. முந்தின நாள் பார்த்த மாதிரியே கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். நிறம் மாறவில்லை. தொட்டுப் பார்த்தவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள், அவ்வளவு குளிர்ச்சி. அவளுக்கும் அதற்குத் தமிழில் சரியான சொல் தெரியாது. ஆனால் அப்போது சைதாப்பேட்டை முழுக்க விடலைப் பையன்கள் காலைப் பிடிக்கிற பேண்ட்டைப் போட்டுக்கொண்டு திரிந்த காலம், அந்தச் சொல் அவள் காதில் விழுந்திருந்தது.

"டைட்டு! சிஸ்டர், டைட்டு! கட்டு டைட்டு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

ஒரு நர்ஸ் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தலைமை நர்ஸ் வந்து என் விரலைப் பார்த்துவிட்டு, திரும்பி ஓடினார். டாக்டர் கையைக்கூடத் துடைக்காமல் வந்தார். பெரிய கத்தரியால் மாவுக்கட்டை மேலிருந்து கீழ் வரை வெட்டி, இரண்டு பக்கமும் பிடித்து விரித்து, உள்ளே இருந்த பஞ்சையும் துணியையும் தோல் தெரியும் வரை கிழித்தார். ஆபரேஷன் செய்த இடம் வீங்கும். கல்லான கட்டுக்குள் அந்த வீக்கத்துக்குப் போக இடமில்லை. அது உள்ளுக்குள்ளேயே ரத்தக்குழாயை நெரிக்கும். ரத்தம் போகாவிட்டால் பாதம் செத்துவிடும், அப்புறம் வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதையெல்லாம் டாக்டர் வெட்டிக்கொண்டே, யாருக்கென்று இல்லாமல் கோபத்தோடு சொன்னார்.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏண்டாப்பா, இறுக்கறதுன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"அவன் காலையிலேருந்து சொல்லிக்கிட்டேதான் சார் இருக்கான்" என்றாள் மமா.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இந்தப் பொண்ணு இங்கேயே இருக்கட்டும்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, "ரத்தம் திரும்பறதான்னு பார்ப்போம். இப்ப எதுவும் சொல்றதுக்கில்லை" என்று போனார்.

அந்த மத்தியானம்தான் நீண்டது. எல்லாரும் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மமா ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. படுத்த இடத்திலிருந்து பார்க்க முடியாத தேசப்பன், "கலர் இன்னாமா? இப்ப கலர் இன்னா?" என்று அரித்தெடுத்தார். ரத்தம் திரும்பும்போது நெருப்பில் வைத்த மாதிரி எரிந்தது. அலறினேன். வலிக்கிறதே என்று நர்ஸ் சிரித்தார். வலி வந்தால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தமாம். கட்டைவிரல் முதலில் சிவந்தது, மற்றவை மெதுவாக. சுண்டுவிரல் மட்டும் கடைசி வரைக்கும் அடம்பிடித்தது. அதில் இன்றைக்கும் நகமும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பாதம் பிழைத்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். மமா அவரிடம், "சாட்னா அவன் காசச் சொல்லலப்பா. கட்டு இறுக்குதுன்னு சொன்னான்" என்றாள். அவர் வெட்டிப் போட்டிருந்த கட்டைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு என் தலைமாட்டில் கைவிட்டு, காலையில் வைத்த பன் அப்படியே இருப்பதைக் கண்டு, "தமின் சாபீபிலா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். பர்மாவில் தெருவில் எதிரே வருகிறவனைக்கூட அப்படித்தான் விசாரிப்பார்கள். கப்பல் ஏறியதிலிருந்து அவர் வாயில் வந்த முதல் பர்மிய வார்த்தை அதுதான். நானும் மமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் மூன்று பேரும் அந்தக் காய்ந்த பன்னைப் பிய்த்துத் தின்றோம். முகாமுக்குத் திரும்பிய பிறகு அந்தத் தடையைப் பற்றி அவர் பேசவே இல்லை. தலையணையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கே இருந்த மீதி நாட்களெல்லாம் தலைமை நர்ஸின் உத்தரவு அப்படியேதான் இருந்தது: மாமா எப்போது வந்தாலும் விடலாம். கேட்டில் மமாவைக் கண்டதும் அந்த வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழுந்து, "வாங்க மாமா, வாங்க" என்று சலாம் போடுவாராம். அவளும் தலையை ஆட்டிவிட்டு நுழைவாளாம். கம்பி மாட்டி, கையை எடுத்துவிட்டு நடக்கப் பழகி, ஒருநாள் முகாம் வரிசையிலிருந்து என் தட்டை நானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன். பாதியைக் கொட்டிவிட்டேன். கஞ்சியை வீணாக்கியதற்கு மமா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

இனி வருவது மறுநாள் எழுதியது. வராந்தாவில் எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்துவிட்டது.

"மீனாட்சியோட வந்தவங்க யாரு?" என்றார் நர்ஸ். நான் எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது. "பொண்ணு பொறந்திருக்கு. கொழந்த நல்லா இருக்கு."

"எங்க அக்கா?"

"மயக்கம் தெளியுது. ஆனா என்ன கேட்டாலும் யே, யேன்னுதான் சொல்றாங்க. வலிக்குதான்னு கேட்டா யே. பேரு கேட்டா யே. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல."

யே என்றால் தண்ணீர். பர்மிய மொழியில் தண்ணீர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தண்ணி கேக்குறா சிஸ்டர்."

"இப்பத் தரக் கூடாதே. பஞ்சால உதட்ட நனைக்கலாம். நீங்களே வந்து அவங்க பாஷையில சொல்லிடுங்க" என்று அவர் உள்ளே திரும்பினார்.

நான் ஓடினேன். நான் ஓடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஆம்பளைங்க போகக் கூடாதுன்னு சொன்னேன்ல? யார் நீ?"

தம்பி என்று சொல்லியிருக்கலாம்.

"மாமா" என்றேன். அந்த வார்த்தையைத் தமிழில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.